பஞ்சரான இடம்

தக்காளியும் பூசணியும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன வெள்ளத்தாயியின் வேன், பாதி வழியில் புளியமரத்தடியில் பஞ்சராகி நின்றது.

“இந்த வெயில்ல மத்தியானத்துக்குள்ள அழுகிடுவேன்,” என்று புலம்பியது தக்காளி.

“எனக்கென்ன, ஆறு மாசம் தாங்குவேன். உன்னை மாதிரி மெல்லிசுத் தோல்காரங்க சந்தைக்குப் பக்கத்துலதான் விளையணும்,” என்றது பூசணி.

பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “அக்கா, ரசத்துக்குத் தக்காளி குடுங்க!”

கூடை காலியானது. ஆறு மாசம் தாங்குகிற பூசணியும் அரைமணி நேரத்தில் பத்தை பத்தையாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வேன் புளியமரத்தடியில் நின்றது. அங்கே வேறு ஊர்க் கத்தரிக்காய்க் கூடை ஒன்று முன்பே இடம் பிடித்திருந்தது.

“சந்தைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டது புதுத் தக்காளி.

“வந்தாச்சு, இறங்கு,” என்றது கத்தரிக்காய்.