எட்டும் ஒன்பதும்

இறால் குளத்துத் தண்ணீரைச் சிறு குப்பியில் மொண்டான். நாலு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினான்.

பச்சை.

வண்ண அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். எட்டு. நேற்றுக் காலையும் எட்டு. முந்தாநாள் காலையும் எட்டு.

பி.எச். பார்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏழுக்குக் கீழே போனால் தண்ணீர் அமிலம், மேலே போனால் காரம். எட்டு, எட்டரை இறாலுக்குச் சுகம். ஒன்பதானால் ஆபத்து. ராத்திரி முழுக்க இறாலும் பாசியும் விடுகிற மூச்சில் தண்ணீர் கொஞ்சம் அமிலப் பக்கம் சாயும். அதனால் காலையில் எண் இறங்கியிருக்கும். வெயில் ஏற ஏற எண்ணும் ஏறும்.

காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அளந்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும்.

அனுப்பினால், தீவனக் கம்பெனி டெக்னீஷியன் சுகுமாரனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும்.

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

கூட இருந்த வேலையாள் ஊருக்குப் போய்ப் பதினொரு நாளாகிறது. முதலாளி சென்னையில். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய மட்டும் குளமும் கரையும்தான். குளத்தில் இரண்டு லட்சம் இறால். ஒன்றாவது வாயைத் திறந்து, என்னடா என்று கேட்குமா?

நேற்றுப் பல் தேய்க்கும்போது தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தான். குரல் யாருடையதோ போல வந்தது. பயந்துவிட்டான்.

கைப்பேசியை எடுத்தான். 8 என்று தட்டினான்.

அழித்தான்.

9.

ஒரே ஓர் எண்தான். ஆனால் பி.எச். கணக்கில் ஓர் எண் என்றால் பத்து மடங்கு. சுகுமாரன் பதறிக்கொண்டு ஃபோன் பண்ணுவான். இரண்டு நிமிஷமாவது பேசுவான்.

அனுப்பிவிட்டான்.

ஃபோன் வரவில்லை. கட்டைவிரலும் வரவில்லை.

முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும். திருத்தி அனுப்பலாம் என்று இரண்டு தடவை கைப்பேசியை எடுத்தான். இரண்டு தடவையும் கீழே வைத்தான்.

எட்டரை மணிக்குக் கரைமேல் பைக் சத்தம்.

சுகுமாரன்தான். நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் குளத்தோரம் குந்தி, மீட்டரைத் தண்ணீரில் விட்டான்.

எட்டு.

மீட்டரைத் துடைத்து உறையில் போட்டான்.

இவன் வண்ண அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான். வெளிச்சம் போதவில்லை, கண் சரியில்லை, சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. இத்தனை நாள் கழித்து எதிரே ஒரு மனிதன். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

சுகுமாரன் பைக்கில் மாட்டியிருந்த பையை எடுத்து வந்தான். உள்ளே இட்லிப் பொட்டலம்.

இரண்டு.

ஒன்றை இவன் பக்கம் தள்ளிவிட்டு, தன் பொட்டலத்தின் நூலைப் பிரித்தான்.

"காலையில ஒம்பது வராதுண்ணே," என்றான். "அடுத்த தடவ மத்தியானமா போடுங்க. பிரியாணி வாங்கியாரேன்."