விறைத்துக்கொண்ட கயிறு

மரம் வெட்டும் செங்கோடனிடம் நீலத்தில் பழையதும் மஞ்சளில் புதியதுமாக இரண்டு கயிறுகள் இருந்தன. எந்தக் கிளையைக் கட்டி இறக்குவதானாலும், முதலில் கயிறு முழுவதையும் வலது உள்ளங்கைக்குள் உருவிப் பார்ப்பான். எங்காவது மெத்தென்று பட்டால், உள்ளே புரி அறுந்திருக்கிறது என்று அந்தக் கயிற்றை ஓரமாகப் போட்டுவிடுவான்.

ஒருநாள் புளியங்கிளை வெடுக்கென்று இழுத்ததில் நீலக் கயிற்றுக்கு உள்ளே ஒரு புரி அறுந்துபோனது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே, உனக்கு முடியல. இன்னைக்கு நான் போறேன்," என்றது மஞ்சள் கயிறு, மறுநாள் காலையில்.

"நேத்து வந்தவன் நீ. பெரிய கிளையெல்லாம் என் பொறுப்பு. பேசாமக் கிட."

உள்ளங்கை அந்த இடத்துக்கு வந்தபோது நீலக் கயிறு மூச்சைப் பிடித்து விறைத்துக்கொண்டது. கை அதை நம்பிக் கடந்துபோனது.

அன்று வாகைக் கிளையின் பாரம் விழுந்ததும் கயிறு அறுந்தது. சரிந்த கிளை, மரத்தைப் பிடித்திருந்த செங்கோடனின் வலது கையை நசுக்கிவிட்டது.

இப்போது அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, நீலக் கயிற்றை அவன் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டியிருக்கிறார்கள். செங்கோடன் இடது கையால் துணி போடுகிறான், எடுக்கிறான். அந்த வலது கை ஒருமுறை தடவிப் பார்க்காதா என்று, உடம்பை நன்றாகத் தளர்த்திக்கொண்டு, கயிறு தினமும் காத்துக் கிடக்கிறது.