ஏழு மணிக்கு ஒரு பச்சைப் புள்ளி

எண்ணெயில் முதல் போர்சோக் மாவுத்துண்டு உப்பி மேலே வந்தபோது, அப்பாவின் அறையில் கணினி தானாக விழித்துக்கொண்டது.

ஐனகுல் கரண்டியோடு ஓடினாள்.

அறையில் யாருமில்லை. திரையில் அப்பாவின் பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை பொரிக்கும் எண்ணெய் வாசனை செத்தவர்களைப் போய்ச் சேருமாம்; அவருக்கும் சேரட்டும் என்றுதான், டோக்மோக்கிலிருந்து பிஷ்கேக்கில் அப்பா வீட்டுக்கு வேன் பிடித்து வந்து மாவு பொரித்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு சிலிர்த்தது. திரும்பினால், அண்ணன் உலான் தேநீர்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறான். கொஞ்சமும் திடுக்கிடாமல்.

சிலிர்ப்பு கோபமாகிவிட்டது.

அவன் வேலைதான். ரவுட்டரில் நேரம் குறித்து வைத்திருக்கிறான். தினமும் காலை ஏழு மணிக்கு அது கணினியைத் தட்டி எழுப்பும். கொரியாவில் தம்பி தஸ்தான் ஃபோனை எடுத்துப் பார்த்தால், அப்பா உயிரோடு இருப்பார். திங்கட்கிழமையிலிருந்து நடக்கிறதாம்.

அவர்கள் வழக்கத்தில் சாவை ஃபோனில் சொல்வதில்லை. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். தஸ்தானின் ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இடையில் ஓடிவந்தால் மறுபடி போக முடியாது. அதனால் குடும்பமே பொய் சொல்கிறது. அதில் பெரும்பங்கு ஐனகுலுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அழைப்பது அவளைத்தான். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பான். என்ன சாப்பிட்டார் என்பதுவரை அவள் சொல்வாள்.

போன ஞாயிறு பொய் தீர்ந்துபோய், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள்.

“நான் அவரு கண்ணைக் கட்டி ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்கேன். நீ தினம் காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வைக்கிறே. செத்த மனுஷனை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோமா?”

அண்ணனை அவள் ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை.

உலான் தேநீரை ஊதினான். “அப்போ கட்டு அவுத்தாச்சுன்னு சொல்லிடு.”

கரண்டி சுவரில் மோதி விழுந்தது.

இப்போதே தஸ்தானைக் கூப்பிட்டுச் சொல்லப்போவதாகக் கத்தினாள். சொல்லக் கூடாதென்று கட்டளையிட்ட பெரியப்பா இனி முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை, செத்தவருக்கு ரொட்டியும் சூப்பும் ஊட்டி ஊட்டித் தன் வாய் அழுகிவிட்டது என்றாள். ரவுட்டரின் வயரைப் பிடித்து இழுத்தாள். உலான் அவள் மணிக்கட்டை முறுக்கினான். தஸ்தான் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான், வேலை போனபின் காலமெல்லாம் உன்னைத்தான் சபிப்பான் என்றான். உண்மையைச் சொன்னதற்குத்தானே சபிப்பான், சபிக்கட்டும் என்றாள் அவள்.

அடுப்பில் போர்சோக் கருகியது. இருவரும் கையை விடவில்லை.

கணினி ஒருமுறை ஒலித்தது.

தஸ்தானிடமிருந்து அப்பாவுக்கு ஒரு செய்தி.

“உலான் அண்ணே, ஏழு மணிக்கு எழுப்பாதீங்க. அப்பா என்னைக்கு ஒன்பதுக்கு முன்னாடி எழுந்திருக்காரு? தூங்கட்டும். நான் வந்ததும் பெரியப்பா சொல்லட்டும், அப்போ அழுதுக்கறேன்.”

உலானின் பிடி தளர்ந்தது. ஐனகுல் வயரை விடாமல் திரையையே பார்த்தாள்.

அடியில் இன்னொன்று வந்து விழுந்தது.

“அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஞாயித்துக்கிழமை அப்பா என்ன சாப்பிட்டார்னு அவ சொல்றதை நான் கேக்கணும்.”