ஜன்னல் வழியாக

கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நடக்கும்போதே சுகந்தியின் போனுக்குத் தினமும் ஒரு சின்ன வேலை வரும்; வழியில் போகிறவர்களுக்குச் சில்லறைக் காசுக்கு வேலை கொடுக்கும் செயலி அது. மூன்று நாளாக, அவள் போகும் தெருவில் தனியாக இருக்கும் தணிகாசலத்தை எட்டிப் பார்க்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து அவர் மகள் பதிவு செய்தது. ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார், டிவி ஓடும். சுகந்தி நடையை நிறுத்தாமலே ‘நலம்’ என்று அழுத்திவிட்டுப் போவாள்.

இன்று, ‘அப்பாவுக்குப் பிறந்தநாள். போன் எடுக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்க்கவும்’ என்று வந்தது. தட்டினாள். சத்தமில்லை. கதவைத் தள்ளியதுமே வாடை முகத்தில் அறைந்தது.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“இல்லைங்க, நல்லாப் பாருங்க. நேத்துகூட நாலு பேர் நலம்னு போட்டிருக்காங்களே!”

“அதுல நானும் ஒருத்திங்க.”

வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு மகள் மெல்லக் கேட்டாள்: “மொத நாள் நீங்க பாத்தப்ப அப்பா முகம் எப்படிங்க இருந்துச்சு?”

சுகந்திக்கு அவருடைய நீலச் சட்டை நினைவிருந்தது. முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

“நல்லா சிரிச்ச முகமா இருந்தாருங்க” என்றாள்.