ஜூலையில் ஊதிய கப்பல்கள்

மேளத்தை மொத்தமாக எடுத்துவிட்ட பிறகுதான் பாட்டின் ஆரம்பம் சரியாக வந்தது.

லேப்டாப் திரையில் அந்த இடத்தை ஜூடி காலியாக விட்டாள். முதலில் ஒரே ஒரு கப்பல் ஹார்ன். அது அடங்குவதற்குள் தூரத்தில் இன்னொன்று. பிறகு துறைமுகத்தில் நிற்கிற அத்தனை கப்பல்களும் ஒன்றாக. அப்புறம் சட்டென்று அமைதி. அந்த அமைதியில் ஜெஸ்வின் பாட ஆரம்பிப்பான்.

ஒரு வாரமாக இந்த ஆரம்பத்தோடுதான் மல்லுக்கட்டு. எதை வைத்து அனுப்பினாலும் திருவொற்றியூரிலிருந்து ஜெஸ்வின் போன் போட்டுவிடுவான்.

“யக்கா, மோளம் சோக்காத்தான் கீது. ஆனா கேக்கறவன் நிக்க மாட்டான்க்கா, அடுத்த பாட்டுக்குத் தள்ளிகினு பூடுவான்.”

ஹெட்போனில் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் ஸ்பீக்கரில்தான் போட்டுப் பார்ப்பாள். ராயபுரத்து வீட்டின் சுவர் மெல்லிசு. பக்கத்து அறையில் டாடி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மதியத் தூக்கத்தில் இருப்பார்.

டாடி அலெக்ஸாண்டர் தன் மகளிடம் பேசி ஏழு மாதம் ஆகிறது.

துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் யார் காலையோ பிடித்து, ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஜூடி அதை விட்டுவிட்டாள்.

“பாட்ட சோத்துல பெசஞ்சி துன்னுவியா?” என்று கேட்டார். அதோடு சரி.

பிறகு எல்லாமே மம்மி வழியாகத்தான்.

“ஞானம், உன் பொண்ணான்ட சொல்லு, கொழம்பு ஆறுது.”

ஜூடி அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மம்மி தபால்காரி மாதிரி இந்தப் பக்கம் திரும்பி, “ஏம்மே, கொழம்பு ஆறுதாம்” என்பாள்.

அந்த ஹார்ன் சத்தம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பூசையில் பதிவு செய்தது. வருஷம் பிறக்கிற நேரத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதும். மாதா கோயில் வளாகத்தில் நிற்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஹார்ன் எழுந்ததும் டாடி தன் வீட்டார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு வாழ்த்துவார். ஜூடிக்குப் பல் முளைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த வருஷம் மம்மியின் நெற்றியோடு அவர் கை நின்றுவிட்டது.

பக்கத்தில் செல்போனைப் பிடித்தபடி ஜூடி நின்றிருந்தாள். “ஹேப்பி நியூ இயர் ஞானம்” என்று அவர் சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது. பாட்டில் அதற்கு முன்னாலேயே சத்தத்தை வெட்டிவிட்டாள்.

ஜெஸ்வினுக்கு அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தரம். ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “இன்னாமே இது, மத்தியானத்துல எந்தக் கப்பலு ஊதுது?” என்று கீழே மீன் விற்கிற தாயம்மா யாரையோ கேட்டாள்.

கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கதவு திறந்தது.

டாடி. கசங்கிய லுங்கி, பனியன். கண்ணைக் கசக்கியபடி நேராக அவளிடம் வந்தார். கட்டை விரல் அவள் நெற்றியில் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு குறுக்கே போனது.

“ஹேப்பி நியூ இயர் ஜூடிம்மா.”

பாவம், தூக்கக் கலக்கம். பூசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டார். வெளியே ஜூலை வெயில் கொளுத்துகிறது. அதைப் பார்த்துத் தெளிந்துவிடப் போகிறார் என்று ஜன்னலை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“ஹேப்பி நியூ இயர் டாடி.”

ஏழு மாதமாக நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. தெளிந்த பிறகு அவர் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். பரவாயில்லை. ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, போதும்.

அவர் வாசல்வரை போய், நிலையில் கை வைத்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆரம்பத்துக்கு இத்தயே வச்சிக்கோ. நேத்து மோளம் வச்சியே, அது கலீஜு. முந்தாநேத்து கிதாரு, அதவிட பேஜாரு.”