கைப்பிடி இல்லாத குவளை

இங்கிலாந்தின் டட்லி ஊரில் நவம்பர் வெயில் பப்பின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைமேல் பிழியாத துணிபோலக் கிடக்கிறது. கிளிஃபோர்ட் மூன்று கறுப்பு பியர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வருகிறார். இந்தச் சுற்றுக்கு எல்லோருக்கும் வாங்கித்தருவது அவர் முறை. இங்கே ஒருவர் கல்யாண நாளை மறக்கலாம், தன் சுற்றை மறக்கக்கூடாது. மூன்றில் ஒன்று பெயருக்குத்தான் பியர், போதை இல்லாதது; அது நாரிஸுக்கு. நாரிஸ் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனித் தொட்டால் பேத்தியைக் கண்ணில் காட்டமாட்டேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மாறிவிடக்கூடாது என்று கடைக்கார ஷீலாக்கா அதை எப்போதும் கைப்பிடி வைத்த குவளையில்தான் ஊற்றுவார். இன்று கிளிஃபோர்ட் தடுத்துவிட்டார். "பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரி இருக்கு ஷீலா. அவனுக்கும் எங்க கிளாஸ்லயே ஊத்து." அதே கறுப்பு, அதே நுரை, அதே வறுத்த வாசனை. 'வித்தியாசமே தெரியாது' என்று சுவரில் விளம்பரம் பெருமைப்படுகிறது.

"என்னடா, இப்பத்தான் காய்ச்சுறியா?" என்று நாரிஸோடு உட்கார்ந்திருக்கும் எர்னி மேசையிலிருந்து கத்துகிறார். பதிலுக்கு ஏதோ சொல்லக் கிளிஃபோர்ட் திரும்ப, தட்டும் அவரோடு ஒரு சுற்று சுற்றுகிறது. மேசைக்கு வந்தபின் அவர் கை மூன்று குவளைகளுக்கும் மேலே அசையாமல் நிற்கிறது.

"ஆசீர்வாதம் பண்றியா? தள்ளு" என்று எர்னி ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நாரிஸ் ஒன்றை எடுக்கிறார். கிளிஃபோர்ட் மிச்சத்தை அவசரமாக ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

நாரிஸ் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்து, மீசை நுரையைத் துடைக்கிறார். "அச்சு அசல் அந்தக் காலத்து ருசி! ஷீலா, இன்னொண்ணு."

இந்த ஒரு வருஷத்தில் அவர் இரண்டாவது கேட்டதே இல்லை.