சீர்த்தட்டில் வைத்த போன்

"அண்ணே, அந்தப் போனைத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க. டுயிட் காசு எதுவும் வேணாம், புது பேட்டரி சும்மாவே போட்டுத் தாரேன்" என்றார் கைப்பேசிக் கடை கிஃபாயத்துல்லா.

கார்த்திகேசு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கோல சிலாங்கூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. "மெதுவாப் பேசு பாய்."

"அதோட வந்த ரெண்டு போன் முதுகு உப்பித் திரும்பி வந்திருக்கு. வெடிச்சா ஆளையே முடிச்சிரும். மாப்பிள்ளைகிட்ட உடனே சொல்லிருங்க லா. சார்ஜ் போடவே வேணாம்."

சொல்வதா? மகள் பிரமிளாவின் நிச்சயத்தன்று, தட்டில் தங்கச் சங்கிலியோடு வந்து இறங்கினார்கள் ஈஜோக் சம்பந்தி வீட்டார். தாம் இளைத்தவரில்லை என்று காட்ட, மாப்பிள்ளை திலீப்புக்கு ஆக விலை உயர்ந்த ரகத்தில் ஒரு போனைச் சீர்த்தட்டில் வைத்தார் கார்த்திகேசு. உண்மையில் அது யாரோ இரண்டு வருடம் பேசித் தள்ளிய பழைய போன், கிஃபாயத்துல்லா கடையில் மலிவாக வாங்கியது. புது உறை, புதுப் பெட்டி. சம்பந்தி அதைத் தூக்கிப் பிடித்து மண்டபம் முழுக்கக் காட்டியபோது கார்த்திகேசுவின் மீசை தானாக நிமிர்ந்தது.

"பழசைச் சீர் வெச்சவன்னு ஈஜோக்கே சிரிக்கும் பாய். எங்க வம்சத்துல எவனும் தலை குனிஞ்சதில்ல."

"உசுரை விடவா அண்ணே மானம்?"

"வெடிச்சா, அவன் சார்ஜ் போட்ட லட்சணம்னு சொல்லிட்டுப் போறேன்."

அன்று மாலையே மாப்பிள்ளையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கார்த்திகேசுவுக்கு வியர்த்துவிட்டது. பேசியது, கல்யாணமாகி ஈஜோக்கில் இருக்கும் பிரமிளா.

"அப்பா, சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் தாயி. மாப்பிள்ளை எங்க?"

"போனை எங்கிட்ட விட்டுட்டு ரவாங்ல வேலைக்குப் போயிட்டாரு. ஏம்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மகளிடம் சொன்னால் மாமியார் காதுக்குப் போக எவ்வளவு நேரம்? "ஒண்ணுமில்ல, வெயிலு" என்று வைத்துவிட்டார். கெட்ட செய்தி இல்லையென்ற நிம்மதியே அவருக்குப் போதுமாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் கோயில் கமிட்டிக் கூட்டம். தலைவர் நாற்காலியில் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து திலீப் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"மாமா... ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். நீங்க குடுத்த போன்... தலகாணிகிட்ட சார்ஜ்ல கெடந்து வெடிச்சிருச்சு. மெத்தையெல்லாம் பத்திக்கிச்சு..."

பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு நாளாக மனத்தில் ஒத்திகை பார்த்த பதில் தயாராகவே இருந்தது. எல்லார் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"பெட்டி பிரிக்காத புதுப் போனு மாப்பிள்ளை அது! சார்ஜ் போட்டுத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குனா எதுதான் வெடிக்காது? வளத்தவங்க சொல்லிக் குடுக்கலியா? இந்தப் புத்திகெட்ட தூக்கத்துக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள், கார்த்திகேசு மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு திலீப் சொன்னான்.

"தூங்குனது பிரமிளா, மாமா."